தொகைமதிப்புத் தரவை இணைப்புத் தரவாக வெளியிடும்போது அளவைகளை எவ்வாறு வரையறுப்பது?

மண்முனை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இரு மாவட்டங்களுக்குமான 2012ஆம் ஆண்டுக் குடிசன, வீடமைப்புத் தொகைமதிப்பு அட்டவணைகளைப் பிரதேச செயலாளர் பிரிவு மட்டத்தில் இணைப்புத் தரவாக (இணையத்தில் கணினிகள் படித்து ஒன்றோடொன்று இணைக்கக்கூடிய தரவாக) மாற்றும் பணியில் எங்கள் சிறு குழு ஈடுபட்டிருக்கிறது. இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2014 ஜனவரியில் பரிந்துரையாக வெளியிட்ட, புள்ளிவிவரங்களை இணைப்புத் தரவாக எழுதுவதற்கான ஆர்டிஎஃப் டேட்டா கியூப் சொற்தொகுதியையே பயன்படுத்துவது என்று தீர்மானித்துவிட்டோம். ஒரு எண் எதற்குரியது என்று அடையாளங்காட்டும் இடம், காலம் என்னும் பரிமாணங்களில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எதுவும் இல்லை. எது அளக்கப்பட்டது என்பதைச் சொல்லும் அளவைகளை வரையறுக்கும் இடத்தில்தான் வேலை நின்றுபோயிருக்கிறது.

பல அட்டவணைகளிலிருந்து திரட்டி, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வரிசை என்ற அடிப்படையில் ஒரு தாள் தயாரித்திருக்கிறோம். மொத்தச் சனத்தொகை, ஆண், பெண், குடித்தனங்களின் எண்ணிக்கை, சராசரிக் குடித்தன அளவு, சனத்தொகை அடர்த்தி ஆகியவை அதன் நிரல்கள். குழுவில் ஒருவர், ஒவ்வொரு நிரலையும் தனித்தனி அளவையாக அறிவித்து, ஒரு பிரிவுக்குரிய எல்லாப் பெறுமானங்களையும் ஒரே அவதானிப்பில் (ஒரு தரவுப் பதிவில்) வைக்கலாம் என்கிறார். இன்னொருவர், புள்ளிவிவரப் பரிமாற்றத்துக்கான சர்வதேசத் தரநிலையான எஸ்டிஎம்எக்ஸ் வழியாக வந்த பொதுவான ‘அவதானிப்புப் பெறுமானம்’ என்னும் ஒரே அளவையை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தி, எது எந்தக் குறிகாட்டி என்பதைத் தனிப் பரிமாணமாகச் சொல்ல வேண்டும் என்கிறார். மூன்றாவது வழி, டேட்டா கியூப் தருகின்ற ‘மெஷர்டைப்’ என்னும் அளவைவகைப் பரிமாணத்தைப் பயன்படுத்துவது.

எங்களிடம் தரவு கேட்டு வருபவர்களில் பலர் மாவட்ட எல்லையையோ பிரிவு எல்லையையோ வைத்துக் கேட்பதில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எத்தனை குடித்தனங்கள், ஒரு குடித்தனத்தில் சராசரியாக எத்தனை பேர் என்றே கேட்கிறார்கள். மண்முனை மேற்கு, மண்முனை தென்மேற்கு, போரதீவுப்பற்று ஆகிய பிரிவுகளை ஒன்றுசேர்த்து அந்த விடையை, இணைப்புத் தரவுக்கான வினவல் மொழியான ஸ்பார்க்கிளில் எழுதிய ஒரு வினவலால் பெற்றுக்கொடுக்க முடிய வேண்டும் என்பது எங்கள் விருப்பம். இந்தத் தேவைக்கு மேற்கூறிய மூன்றில் எது பொருந்தும்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

கல்லடி ஓய்வாளர் எழுதியது:

தம்பி, நல்ல முயற்சி. மூன்று வழிகளில் எது என்று பார்ப்பதற்கு முன்னர், தாளின் நிரல்களையே ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். அச்சடித்த அட்டவணையில் ஒரு நிரல் இருக்கிறது என்பதற்காக அது தனி அளவையாகிவிடாது. நீங்கள் குறிப்பிட்ட நிரல்களுள் மொத்தம், ஆண், பெண் ஆகிய மூன்றும் ஒரே அளவையின் மூன்று அவதானிப்புகள். அங்கே எண்ணப்பட்டது ஆட்கள். பால் என்பது அந்த எண்ணிக்கையைப் பகுத்துக் காட்டும் பரிமாணம். எஸ்டிஎம்எக்ஸ் பால் குறியீட்டுப் பட்டியலில் ஆண், பெண், மொத்தம் என்பவற்றுக்கு ஆயத்தமான குறியீடுகள் உள்ளன; அவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆண் சனத்தொகை’ என்று தனி அளவை படைத்தால், அடுத்ததாக ‘பதினைந்து வயதுக்குட்பட்ட ஆண் சனத்தொகை’ என்று இன்னொன்று தேவைப்படும்; இனம், சமயம் என்று போகப் போக நூற்றுக்கணக்கில் அளவைகள் பெருகும், அவற்றுக்கிடையிலான தொடர்பை எந்த வினவலாலும் கண்டுகொள்ள முடியாது.

நான் பணியில் இருந்த காலத்தில் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த சோதனை ஒன்று உண்டு. இரண்டு நிரல்களைக் கூட்டினால் மூன்றாவது நிரல் வருமா, அந்தக் கூட்டுத்தொகைக்கு அதே அலகு பொருந்துமா என்று பாருங்கள். பொருந்துமாயின் அந்த நிரல்களைப் பிரித்து நிற்பது பரிமாணம். ஆணையும் பெண்ணையும் கூட்டினால் ஆட்கள் வரும். ஆட்களையும் குடித்தனங்களையும் கூட்டினால் பொருளுள்ள எதுவும் வராது. ஆகவே அவை இரண்டும் வெவ்வேறு அளவைகள். எண்ணப்படும் பொருளோ அலகோ வகுக்கும் எண்ணோ மாறுகிற இடத்தில்தான் புதிய அளவை தொடங்குகிறது.

இந்தச் சோதனையை வைத்துப் பார்த்தால் உங்கள் குழுவின் இரண்டாவது யோசனையை என்னால் ஆதரிக்க முடியவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே ‘அவதானிப்புப் பெறுமானம்’ என்று வைத்தால், 202 என்னும் எண் ஆட்களா, சதுர கிலோமீற்றருக்கு ஆட்களா, குடித்தனங்களா என்பதை அளவையைப் பார்த்து அறிய முடியாது. குறிகாட்டிப் பரிமாணத்தை விட்டுவிட்டு ஒருவர் கூட்டுத்தொகை கேட்டால், அடர்த்தியும் சனத்தொகையும் சேர்ந்த பொருளற்ற எண் ஒன்று எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அவர் கைக்குக் கிடைக்கும். தரவுத்தொகுதி ஒவ்வொன்றிலும் ஒரேயொரு குறிகாட்டி மட்டும் இருக்குமாயின் அந்தப் பொது அளவையால் பெரிய தீங்கில்லை. உங்கள் நிலைமை அதுவல்ல.

மொத்தம் என்னும் குறியீட்டைப் பற்றியும் ஒரு சொல். டேட்டா கியூபில் அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு பரிமாணத்துக்கும் ஒவ்வொரு அவதானிப்பிலும் பெறுமானம் இருந்தாக வேண்டும். அதனால் பாலும் வயதும் பரிமாணங்களாக உள்ள தொகுதியில், முழுச் சனத்தொகையைச் சொல்லும் அவதானிப்பு பாலுக்கு ‘மொத்தம்’, வயதுக்கு ‘எல்லா வயதும்’ என்று வெளிப்படையாகக் கூற வேண்டும். வினவல் எழுதுபவர் இதைக் கவனியாமல் கூட்டினால் தொகை இரட்டிப்பாகும். குறியீட்டுப் பட்டியலை, சொற்பட்டியல்களை ஒழுங்குபடுத்துவதற்கான ஸ்கோஸ் முறையில் படிநிலையாக அமைத்து, மொத்தத்தை மேற்குறியீடாகவும் மற்றவற்றை அதன் கீழும் வைத்தால் இந்தத் தவறைத் தவிர்க்க வழி கிடைக்கும்.

அக்கரைப்பற்று நிரலர் எழுதியது:

ஐயா சொன்னவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டு, எஞ்சியுள்ள முதலாம், மூன்றாம் வழிகளைப் பற்றி எழுதுகிறேன்.

முதலாவது வழியில் ஒரு அவதானிப்பு பல அளவைகளைச் சுமக்கிறது. மட்டக்களப்பு மாவட்டம், 2012 என்னும் ஒரே அவதானிப்பில் சனத்தொகை 526,567 என்றும் அடர்த்தி 202 என்றும் அருகருகே எழுதிவிடலாம். டிரிப்பிள்களின், அதாவது தரவை எழுதும் மூவுறுப்புக் கூற்றுகளின், எண்ணிக்கை குறையும். ஒரு பிரிவுக்குரிய எல்லாவற்றையும் ஒரே வரியில் எடுக்கும் வினவல் சுருக்கமாக அமையும். ஆனால் அவதானிப்பில் இணைக்கப்படும் பண்புக்கூறு (அலகு, நிலைக்குறிப்பு போன்ற துணை விவரம்) அதிலுள்ள எல்லா அளவைகளுக்கும் சேர்த்தே பொருள்படும். அலகு ‘ஆட்கள்’ என்று எழுதினால் அது அடர்த்திக்கும் பொருந்திவிடும். அலகை மட்டும் பொறுத்தவரை இதற்கு ஒரு தீர்வு இருக்கிறது: தொகுதியின் பரிமாணங்களையும் அளவைகளையும் அறிவிக்கும் கட்டமைப்பு வரையறையில், அலகுப் பண்புக்கூறு அவதானிப்பில் அல்லாமல் அளவையை வரையறுக்கும் அளவைப் பண்பிலேயே இணைக்கப்படும் என்று அறிவிக்கலாம். ஒரு அளவைக்கு என்றைக்கும் ஒரே அலகுதான் என்றால் அது போதும். ஆனால் ஒரு பெறுமானம் மதிப்பீடு, அதன் பக்கத்தில் உள்ளது நேரடியாக எண்ணப்பட்டது என்பது போன்ற நிலைக்குறிப்பை அந்த வழியில் சொல்ல இயலாது. ஏனெனில் அது அளவைக்குரிய தன்மை அன்று, அந்தக் குறிப்பிட்ட எண்ணுக்குரிய தன்மை.

மூன்றாவது வழியில் ஒவ்வொரு அவதானிப்பும் ஒரே ஒரு பெறுமானத்தையே தாங்கும். அது எந்த அளவைக்குரியது என்பதை அளவைவகைப் பரிமாணம் சொல்லும். மேற்சொன்ன எடுத்துக்காட்டு இரண்டு அவதானிப்புகளாகப் பிரிந்துவிடும். இடம் மட்டக்களப்பு, காலம் 2012, அளவைவகை சனத்தொகை, சனத்தொகை 526,567, அலகு ஆட்கள் என்பது ஒன்று. இடமும் காலமும் அவையே, அளவைவகை அடர்த்தி, அடர்த்தி 202, அலகு சதுர கிலோமீற்றருக்கு ஆட்கள் என்பது மற்றையது. ஒவ்வொரு எண்ணுக்கும் தனி யூஆர்ஐ (இணைய அடையாள முகவரி) கிடைப்பதால் அதற்கு அடிக்குறிப்பு, நிலைக்குறிப்பு, பின்னர் செய்யப்பட்ட திருத்தம் ஆகிய எதையும் தனியாக இணைக்கலாம். தொகைமதிப்புத் தரவுக்கு இந்த வசதி மிகப் பெரியது என்பது என் கருத்து. எழுத வேண்டிய டிரிப்பிள்கள் கூடும் என்பது உண்மை; இரண்டு மாவட்டங்களின் பிரதேச செயலாளர் பிரிவுகள் அளவிலான தரவுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

ஒரு கட்டுப்பாட்டை மட்டும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். தரவு முறையாக அமைந்திருக்கிறதா என்று சோதிப்பதற்கான, சொற்தொகுதியின் ஒருமைப்பாட்டு விதிகளில் பதினான்காவது, பல அளவைகள் உள்ள அவதானிப்பில் அறிவிக்கப்பட்ட அளவைகள் அனைத்தும் இருக்க வேண்டும் என்கிறது. மூன்றாவது வழிக்கு வந்தால் இந்தக் கட்டாயம் நீங்கிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். நீங்காது. பதினேழாவது விதிப்படி, ஒரு இடத்துக்கும் காலத்துக்கும் ஒரு அளவை தரப்பட்டால் அதே தொகுதியில் அறிவிக்கப்பட்ட மற்ற அளவைகளும் அதே இடத்துக்கும் காலத்துக்கும் தரப்பட வேண்டும். ஒரு பிரிவின் நிலப்பரப்பு கையில் இல்லாமல் அடர்த்தியைத் தர முடியாதபோது இந்தச் சோதனையில் தொகுதி தோற்றுவிடும். ஆகவே எப்போதும் சேர்ந்தே கிடைக்கும் அளவைகளை ஒரு தொகுதியிலும், சேர்ந்து கிடைக்காதவற்றை வேறு தொகுதியிலும் வையுங்கள். குடித்தனங்களையும் சனத்தொகையையும் ஒரே தொகுதியில் வைப்பதிலும் இதே சிக்கல் வரும்: சனத்தொகைக்குப் பால் உண்டு, குடித்தனத்துக்கு இல்லை. குடித்தனத்துக்குப் பால் ‘மொத்தம்’ என்று எழுதி ஒப்பேற்றுவதைவிட அதைத் தனித் தொகுதியாக்குவதே ஒழுங்கு.

சம்மாந்துறை ஆசிரியை எழுதியது:

ஸலாமும் வணக்கமும். அடர்த்தி, சராசரி ஆகியவற்றைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் மாணவர்கள் தரவிறக்கிப் பயன்படுத்தும்போது பிழைபடுவது பெரும்பாலும் இவற்றில்தான்.

மட்டக்களப்பு மாவட்டத்தின் மொத்தப் பரப்பு 2,854 சதுர கிலோமீற்றர். அதில் 244 சதுர கிலோமீற்றர் உள்நாட்டு நீர்ப்பரப்பு; எஞ்சிய நிலப்பரப்பு 2,610. மேலே காட்டப்பட்ட 202 என்னும் அடர்த்தி, 526,567 பேரை நிலப்பரப்பால் மட்டும் வகுத்ததால் வந்தது. அதே ஆட்தொகையை மொத்தப் பரப்பால் வகுத்தால் ஏறத்தாழ 185 வரும். அம்பாறையில் 649,402 பேர். நிலப்பரப்பு 4,222, மொத்தப் பரப்பு 4,415. முதல் முறையில் 154, இரண்டாம் முறையில் 147. வாவியும் குளங்களும் இவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கும் நமது மாவட்டங்களில் ‘அடர்த்தி’ என்று மட்டும் பெயரிட்ட அளவை, பாதிப் பொருளை மட்டுமே சொல்கிறது. அலகைப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது; இரண்டுக்கும் அலகு சதுர கிலோமீற்றருக்கு ஆட்கள்தான். ஆகவே இவை வெவ்வேறு அளவைப் பண்புகளாக, ‘நிலப்பரப்பு அடிப்படையிலான சனத்தொகை அடர்த்தி’ என்பது போன்ற முழுப் பெயருடன், வரையறை வாக்கியத்துடன், வகுபடும் அளவை எது, வகுக்கும் அளவை எது என்பதைச் சுட்டும் இணைப்புகளுடன் அமைய வேண்டும். அந்த இணைப்புகளுக்கு ஆயத்தமான பண்பு எதுவும் டேட்டா கியூபில் இல்லை. நீங்களே இரண்டு பண்புகளை வரையறுத்து ஆவணப்படுத்தினால் போதும்.

நிலப்பரப்பையும் தனித் தரவுத்தொகுதியாக வெளியிடுங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். விகிதங்களையும் சராசரிகளையும் மேல்மட்டத்துக்குத் திரட்ட முடியாது. இரண்டு மாவட்டங்களின் அடர்த்திகளைக் கூட்டி இரண்டால் வகுத்தால் 178 வரும். உண்மையில் இரண்டு மாவட்டங்களினதும் மொத்தச் சனத்தொகை 1,175,969, மொத்த நிலப்பரப்பு 6,832, அடர்த்தி 172. இரண்டே மாவட்டங்களில் இவ்வளவு வேறுபாடு என்றால், சின்னஞ்சிறு பரப்பில் மக்கள் நெருங்கி வாழும் காத்தான்குடியையும் பரந்த வயலும் காடும் கொண்ட வாகரைப் பக்கத்துப் பிரிவையும் சேர்த்துச் சராசரி எடுப்பவர் எங்கே போய் நிற்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

மண்முனை கேட்ட படுவான்கரைக் கேள்விக்கும் விடை இதில்தான் இருக்கிறது. மூன்று பிரிவுகளின் சராசரிக் குடித்தன அளவுகள் மட்டும் வெளியிடப்பட்டிருந்தால், அவற்றைக் கொண்டு அந்தப் பகுதி முழுவதற்குமான சராசரியைக் கணிக்கவே முடியாது. குடித்தனங்களின் எண்ணிக்கையும் அந்தக் குடித்தனங்களில் வாழும் ஆட்களின் எண்ணிக்கையும் இருந்தால், இரண்டையும் தனித்தனியே கூட்டி வகுப்பது ஒரு வரி வேலை. இங்கே ‘அந்தக் குடித்தனங்களில் வாழும்’ என்பது முக்கியம். விடுதிகள், மடங்கள், வைத்தியசாலைகள் போன்ற நிறுவனங்களில் எண்ணப்பட்டவர்கள் மொத்தச் சனத்தொகையில் அடங்குவார்கள், குடித்தனச் சனத்தொகையில் அடங்கமாட்டார்கள். மொத்தச் சனத்தொகையை எடுத்துக் குடித்தனங்களால் வகுத்தால் சராசரி சற்றே கூடிவிடும். ஆகவே குடித்தனச் சனத்தொகை என்பதையும் தனி அளவையாக வரையறுக்க நேரிடும்.

சராசரியையும் அடர்த்தியையும் வெளியிடவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொகைமதிப்புத் திணைக்களம் அச்சிட்ட எண்ணுடன் ஒப்பிட்டுப் பார்க்க அவை தேவை. ஆனால் அவை கணிக்கப்பட்டவை, கூட்டத்தகாதவை என்பதை அளவைப் பண்பின் விவரிப்பிலேயே இயந்திரம் படிக்கக்கூடிய வகையில் குறித்துவிடுங்கள்.

மண்முனை எழுதியது:

ஐயாவுக்கும் ஆசிரியைக்கும் நிரலருக்கும் மிக்க நன்றி. அளவைவகைப் பரிமாணத்தையே எடுத்துக்கொள்கிறோம். பாலைப் பரிமாணமாக்கி, குடித்தனங்களையும் நிலப்பரப்பையும் கணிக்கப்பட்ட அளவைகளையும் தனித் தொகுதிகளாகப் பிரிக்கிறோம். நிறுவனங்களில் எண்ணப்பட்டவர்களைப் பற்றிய விளக்கம் எங்கள் தாளில் இருந்த ஒரு முரணுக்குக் காரணத்தைக் காட்டித் தந்தது.

இன்னொரு கேள்வி எழுந்திருக்கிறது. 2012ஐ முடித்த பின்னர் முந்தைய ஆண்டுகளையும் சேர்க்க எண்ணியிருக்கிறோம். 2001ஆம் ஆண்டுத் தொகைமதிப்பு, யுத்தச் சூழ்நிலையால் மட்டக்களப்பில் முழுமையாக நடைபெறவில்லை, அம்பாறையில் நடைபெற்றது. அந்த ஆண்டுக்கு மட்டக்களப்பில் எண்ணப்பட்டவர்களின் தொகை ஒருபுறமும் மதிப்பீடு மறுபுறமும் இருக்கின்றன. இவற்றை ஒரே அளவையில் வைத்து நிலைக்குறிப்பால் வேறுபடுத்தலாமா, வெவ்வேறு அளவைகளாக்க வேண்டுமா?

கல்லடி ஓய்வாளர் எழுதியது:

தம்பி, இந்த இடத்தில் நிதானம் தேவை. மதிப்பீடு முழு மாவட்டத்தின் சனத்தொகையையே சொல்ல முயல்கிறது; அறிந்த முறை வேறு, சொல்லப்படும் பொருள் ஒன்றுதான். ஆகவே அது அதே ‘சனத்தொகை’ அளவையில், எஸ்டிஎம்எக்ஸ் நிலைக்குறிப்புப் பட்டியலில் உள்ள ‘மதிப்பிடப்பட்டது’ என்னும் குறியீட்டுடன் நிற்கலாம். அம்பாறையின் 2001ஆம் ஆண்டுத் தொகையான 592,997 வழமையான பெறுமானம் என்னும் குறியீட்டைப் பெறும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடுபவர் குறியீட்டைப் பார்த்து வேறுபாட்டை அறிந்துகொள்வார்.

எண்ணப்பட்டவர்களின் தொகை அப்படியன்று. தொகைமதிப்பு உத்தியோகத்தர் போக முடிந்த இடங்களில் இருந்தவர்களை மட்டுமே அது குறிக்கிறது. முழு மாவட்டத்தின் சனத்தொகை என்னும் பொருளை அது கொண்டிருக்கவில்லை. அதை அதே அளவையில் இட்டு நிலைக்குறிப்பை மட்டும் மாற்றினால், ஒரே இடத்துக்கும் ஒரே காலத்துக்கும் ஒரே அளவைக்கும் இரண்டு அவதானிப்புகள் வந்துவிடும். நிலைக்குறிப்பு பண்புக்கூறு, பரிமாணம் அன்று. அதனால் அவை இரண்டும் இரட்டைப் பதிவாகக் கருதப்பட்டுப் பன்னிரண்டாவது ஒருமைப்பாட்டு விதி மீறப்படும். ‘எண்ணப்பட்ட ஆட்கள்’ என்று தனி அளவையை வரையறுத்து, எந்தப் பகுதிகள் விடுபட்டன என்பதைக் குறிப்பாக இணைத்துத் தனித் தொகுதியில் வெளியிடுங்கள். எண்ண முடியாத பிரிவுகளுக்குப் பூச்சியம் எழுதவே கூடாது. அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களை எண்ண இயலவில்லை. அதற்கு ‘பெறுமானம் இல்லை’ என்னும் நிலைக்குறிப்பு உண்டு. அல்லது அவதானிப்பையே தவிர்த்துவிடலாம்.

ஆண்டுகளைப் பின்னோக்கிக் கொண்டுபோகும்போது இடத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள். அம்பாறை மாவட்டம் 1961இல் மட்டக்களப்பின் தென்பகுதியிலிருந்து பிரிக்கப்பட்டது. ஆகவே 1953ஆம் ஆண்டுத் தொகைமதிப்பில் மட்டக்களப்பு என்று குறிக்கப்பட்ட நிலமும் 1963இல் அதே பெயரில் குறிக்கப்பட்ட நிலமும் வேறு. இரண்டுக்கும் ஒரே யூஆர்ஐ கொடுத்தால், பத்தாண்டுகளில் மக்கள் தொகை சரிந்தது போன்ற பொய்த் தோற்றம் உருவாகும். ஒவ்வொரு எல்லைக் காலத்துக்கும் தனி யூஆர்ஐ கொடுத்து, முந்தையதற்கும் பிந்தையதற்கும் உள்ள தொடர்பை எழுதுங்கள். நெதர்லாந்தின் 1795 முதல் 1971 வரையான தொகைமதிப்புகளை டேட்டா கியூபுக்கு மாற்றிய செடார் திட்டத்தினரும் மாறிக்கொண்டே இருந்த நகராட்சி எல்லைகளோடு இவ்வாறே போராட வேண்டியிருந்தது.

மேலும், ஒவ்வொரு தொகைமதிப்பும் ஆட்களை வழமையாக வாழும் இடத்தில் எண்ணியதா, அன்றிரவு இருந்த இடத்தில் எண்ணியதா என்பதை அந்தந்த ஆண்டு அறிக்கையின் முன்னுரையில் பாருங்கள். அது மாறியிருந்தால் அளவையின் வரையறையும் மாறுகிறது. அந்த ஆண்டுகளை ஒரே அளவைப் பண்பில் சேர்க்காதீர்கள். இரண்டுக்கும் பொதுவான மேற்பண்பு ஒன்றை வைத்து, இவற்றை அதன் உட்பண்புகளாக அறிவிப்பது பொருத்தம்.

அக்கரைப்பற்று நிரலர் எழுதியது:

செயல்முறை குறித்து ஒன்று மட்டும். ஒருமைப்பாட்டு விதிகளில் பெரும்பாலானவை ஸ்பார்க்கிள் வினவலாகவே பரிந்துரையில் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை நேரடியாக ஓட்டலாம். பன்னிரண்டாவது விதிக்கான வினவல் பெரிய தொகுதிகளில் மிக மெதுவாக ஓடும் என்பதால் தொகுதி தொகுதியாக ஓட்டுங்கள். அவை எல்லாம் தேறினாலும் எண்கள் சரியென்று ஆகிவிடாது. பிரிவுகளின் சனத்தொகையைக் கூட்டி 526,567 என்பதும் 649,402 என்பதும் வருகின்றனவா, ஒவ்வொரு பிரிவிலும் ஆணும் பெண்ணும் சேர்ந்து மொத்தம் ஆகிறார்களா, நீங்கள் கணித்த அடர்த்தி அச்சிட்ட அடர்த்தியோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் வினவல்களை நீங்களே எழுதி, தரவைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஓட்டும்படி அமைத்துவிடுங்கள். 2024ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின் பிரிவு மட்ட அட்டவணைகளைச் சேர்க்கும்போதும் அதே வினவல்களில் ஆண்டையும் ஒப்பிட வேண்டிய தொகைகளையும் மாற்றினால் போதும்.